கப்பலில் வந்தது எல்லோருக்கும்

டெய்ரி ஃபார்ம்,
போர்ட் பிளேர்.
11 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்கா,

உதயா எழுதுகிறேன். என் எண்ணை நீ பிளாக் செய்துவிட்டாய் என்று எனக்குப் புரிந்துபோயிற்று. அத்தான் எண்ணுக்கு அடித்தால் எடுக்கிறார். உன்னைக் கேட்டால் தோட்டத்துக்குப் போயிருக்கிறாய் என்கிறார். ஞாயிற்றுக்கிழமையும் தோட்டமா? அதனால்தான் பேனா பிடித்திருக்கிறேன். சித்ரா டீச்சர் லீவு முடிந்து கச்சால் தீவுக்குக் கப்பல் ஏறுகிறார். அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். கிழித்துப் போடுவதானாலும் படித்துவிட்டுக் கிழி.

உன் வீட்டில் ஒரு வாய் சாப்பிடாமல் நான் ஜெட்டிக்கு நடந்தது இதுதான் முதல் தடவை. நண்டுக் குழம்பு வாசனை வாசல்வரை வந்தது. "எங்க வீட்டு ஆளு ஒனக்கு ஆகாது, எங்க வீட்டுச் சோறு மட்டும் ஆகுமா" என்று லயத்து வரிசை வீட்டுச் சனங்கள் எல்லோர் முன்னாலும் நீ கேட்டபோது, டாக்டர் ஸ்ரீதர்கூட என்னைத்தான் திரும்பிப் பார்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது, கோபமும் வந்தது. கப்பலில் ஏறிய பிறகு அழுதேன்.

என் பக்கத்தை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், அக்கா. ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டுக் காயவைக்கும் கூடத்தில் வேலை செய்தவர்களுக்கு நாற்பது வயதிலேயே ஏன் மூச்சு வாங்குகிறது, இந்தப் புது மருந்து அதற்குக் கேட்குமா என்று பார்ப்பதுதான் டாக்டருடைய ஆய்வு. அதில் நான் ஒரு நர்ஸ், அவ்வளவுதான். யாரைச் சேர்க்கலாம், யாரைச் சேர்க்கக் கூடாது என்பதை எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும்தான் முடிவு செய்கின்றன. நம் லயத்தில் நான்கு பேரைச் சேர்க்கவில்லை. அவர்களில் அத்தானும் ஒருவர். காரணத்தை நான்கு பேரிடமும் தனித்தனியாகக் கூப்பிட்டுச் சொன்னோம். ஒருவருடைய காரணத்தை இன்னொருவரிடம் சொல்ல எனக்கு உரிமையில்லை. பெண்டாட்டியிடம்கூடச் சொல்லக் கூடாது, அந்தப் பெண்டாட்டி என் அக்காவாக இருந்தாலும். அவரிடமே கேள்.

மற்றவர்களுக்கும் நாங்கள் ஒன்றும் வாரிக் கொடுத்துவிடவில்லை. பாதிப் பேருடைய பெட்டியில் மருந்து, மீதிப் பேருடைய பெட்டியில் வெறும் சர்க்கரைப் பொடி. பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி கேப்சூல், குழாயில் போட்டுக் குத்தி மூச்சோடு உள்ளே இழுப்பது. யாருக்கு எது போயிருக்கிறது என்று எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. அப்படி இருந்தால்தான் மருந்தின் உண்மையான பலன் தெரியும். அன்றைக்கு லயத்தில் இதையெல்லாம் நான்தான் நம் பேச்சில் விளக்கினேன். இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை என்று டாக்டர் என்னைப் பாராட்டினார். அதே நாளில்தான் நீ என்னைத் திட்டினாய்.

சுனாமியில் அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்குத் தலை வாரிவிட்டவள் நீ. நர்ஸ் படிப்புக்கு என்னைக் கப்பலில் கூட்டிவந்தவர் அத்தான். வழியெல்லாம் வாந்தி எடுத்தவளுக்கு வாளி பிடித்துக்கொண்டு வந்தவரை நான் ஓரவஞ்சனை செய்வேனா? மழைக்கு முன்னால் ஒரு தடவை அவரை இங்கே அனுப்பு. நானே கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டுகிறேன். இதை மறந்துவிடாதே, அக்கா. மழைக்கு முன்னால்.

உன்
உதயா


ரப்பர் லயம்,
கச்சால்.
3 ஏப்ரல் 2024

உதயாவுக்கு வசந்தகுமாரி எழுதுவது.

நீ சௌக்கியமாகத்தான் இருப்பாய். இல்லாவிட்டாலும் உன்னைச் சுற்றி டாக்டர்களுக்கா பஞ்சம்?

கடிதத்தைக் கிழிக்கவில்லை. நீ சொன்னபடி அவரிடமே கேட்டேன். "வயசு ஒத்துவரலையாம்" என்றார். அவரைவிட மூத்தவளான ராசம்மா பெட்டியும் குழாயுமாக வாங்கிக்கொண்டு போகிறாள், இவருக்கு மட்டும் வயது ஒத்துவரவில்லையா? பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தவள் கொஞ்சம் பொருத்தமான பொய்யாகக் கற்றுக்கொடுத்திருக்கலாம். சொந்தக்காரர்களைச் சேர்த்தால் உன் ஆபீசில் ஏதாவது சொல்வார்கள் என்று பயந்திருப்பாய். அதை நேராகச் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

இருக்கட்டும். நீ கொடுக்காவிட்டால் எங்களுக்குக் கிடைக்காது என்று நினைத்தாயா?

உங்கள் கூட்டம் ஜெட்டிக்குப் போன அன்று சாயங்காலமே லயம் கூடியது. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மாவு என்று நீ அவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்டுப் போனாயே, அதுதான் பேச்சு. முதலில் எழுந்தது ராசம்மாதான். "எனக்கு மருந்து வந்து பக்கத்து வூட்டுக்கு மாவு வந்துச்சுன்னா நான் அந்த மூஞ்சில எப்புடி முழிக்கிறது" என்று தன் பெட்டியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். பிறகு ஒவ்வொருவராகக் கொண்டுவந்தார்கள். சுனாமி முகாமில் இருந்தபோது எப்படிச் செய்தோம், நினைவிருக்கிறதா? கப்பலில் எது வந்தாலும், அரிசியோ போர்வையோ பிஸ்கட்டோ, தார்ப்பாயில் கொட்டிப் பங்கிட்ட பிறகுதான் ஒருவர் கைவைப்பார். கப்பலில் வந்தது எல்லோருக்கும். இன்றைக்கும் லயத்தில் அதுதான் சட்டம்.

ஆக எல்லாக் கேப்சூலையும் ஒரு பெரிய பிஸ்கட் டின்னில் கொட்டிக் கலந்துவிட்டோம். இனி எவர் வீட்டிலும் வெறும் மாவு மட்டும் விழாது. நீங்கள் சேர்க்காமல் விட்ட நான்கு பேருக்கும் பங்கு உண்டு என்று அப்போதே முடிவாயிற்று. முகாமில் பங்கிட்ட அதே சிவப்பிரகாசம் அண்ணன்தான் இப்போதும் பங்கிடுகிறார். நீங்கள் தள்ளிவிட்ட நான்கு பேரில் அவரும் ஒருவர், தெரியுமல்லவா? ஆனாலும் ஒரு கேப்சூல் முன்பின் ஆகாது அவர் கையில்.

உங்கள் அத்தானுக்குக் குழாய் இல்லை. ராசம்மா தன் குழாயைத் தருகிறாள். அவள் இழுத்து முடித்ததும் நான் வாங்கிவந்து, கேப்சூலைப் போட்டு, ஊசியை அழுத்தி, அவர் வாயில் வைக்கிறேன். "இழுங்க" என்றால் இழுக்கிறார், சின்னப் பிள்ளை மாதிரி. முதலில் இரண்டு நாள் வேண்டாம் என்பதுபோல முகத்தைச் சுளித்தார். நான் விடவில்லை. இப்போது மூச்சு எவ்வளவோ தேவலாம். ஜெட்டிவரை நிற்காமல் நடக்கிறார்.

இன்னொன்றும் சொல்கிறேன், கேட்டுக்கொள். உடைத்த கேப்சூல் கூடுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறீர்களே, அதை ஒவ்வொருவர் பெட்டிக்கும் சரியாகப் பிரித்துப் போட்டு அனுப்புவது நான்தான். கணக்கு இடித்தால் உன் பெயர் கெடும் என்று பார்த்துப் பார்த்துப் போடுகிறேன். என் கோபம் என்னோடு, உன் வேலை உன்னோடு.

வசந்தகுமாரி


டெய்ரி ஃபார்ம்,
போர்ட் பிளேர்.
21 ஏப்ரல் 2024

அக்கா,

உன் கடிதத்தை ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் நின்று பிரித்தேன். டின்னில் கொட்டிக் கலந்தோம் என்ற இடத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். போகிறவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். யாரோ இந்தியில் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை.

இதை முதலில் படி. அத்தானுக்கு அந்தக் கேப்சூலை இன்றோடு நிறுத்து. இன்றைக்குக் கொடுத்துவிட்டாய் என்றால் நாளைக்குக் கொடுக்காதே. சேர்க்காத மற்ற மூவருக்கும் கொடுக்க விடாதே.

அது பசிக்குச் சோறு போடுகிற மாதிரி மருந்து இல்லை, அக்கா. நுரையீரலுக்கு இருக்கும் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துத்தான் அது இருமலை அடக்குகிறது. அந்த எதிர்ப்புச் சக்தி குறையவே கூடாத ஆட்களும் இருக்கிறார்கள். அவர்களைத்தான் சேர்க்காமல் விட்டோம்.

இதற்குமேல் மூன்று வரி எழுதி அடித்துவிட்டேன். வெளிச்சத்தில் பிடித்துத் துருவிப் படிக்காதே.

கடிதத்துக்குக் காத்திராமல் அத்தானுக்கு அடித்தேன். அதிர்ஷ்டம், டவர் இருந்தது. "நான் அன்னைக்கே நிறுத்திட்டேன் புள்ள, நீ ஒண்ணும் கவலப்படாத, அக்காகிட்ட ஒண்ணும் சொல்லிடாத" என்றார். நிறுத்தியது உண்மைதானா? நீ அல்லவா தினமும் அவர் வாயில் வைக்கிறாய்? உனக்குத் தெரியாமல் எப்படி நிறுத்துவார்? போனை வைத்த பிறகுதான் இது எனக்குத் தோன்றியது. திரும்ப அடித்தேன், போகவில்லை.

டாக்டரிடமும் சொல்லிவிட்டேன். அவர் மேஜையில் கிடந்த தாள்களை என் பக்கம் தள்ளினார். கச்சாலில் யாரைப் பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கிறார்கள், மருந்து எடுத்தவர், மாவு எடுத்தவர் என்று பிரிக்கவே முடியவில்லை, மருந்தால் பயனில்லை என்று நாங்கள் எழுதத் தொடங்கியிருந்தோம். வித்தியாசம் எப்படித் தெரியும்? எல்லோரும் எல்லாவற்றையும் எடுத்திருக்கிறார்கள். கேப்சூல் கூடுகள் கச்சாலில் இருந்துதான் ஒன்றுகூடக் குறையாமல் வருகின்றன என்று மற்ற தீவுகளுக்கெல்லாம் உங்களைத்தான் நான் உதாரணம் காட்டினேன். நீ பார்த்துப் பார்த்துப் போட்டவை.

ஆய்வைக் கச்சாலில் நிறுத்திவிட்டோம். ஹெல்த் சென்டரில் இருந்து ஆள் வருவார், டின்னைக் கொடுத்துவிடுங்கள். என் வேலைக்கு என்ன ஆகும் என்று தெரியவில்லை. மேலிடத்தில் விசாரணை இருக்கிறது.

அத்தானுக்குக் காய்ச்சலோ இருமலோ கூடினால் ஒரு நாளும் தாமதிக்காமல் அவரைக் கப்பலில் ஏற்று. காரணம் கேட்டு உட்கார்ந்திருக்காதே.

உதயா


ரப்பர் லயம்,
கச்சால்.
22 மே 2024

உதயா,

உன் கடிதம் வருவதற்கு முன்பே ஹெல்த் சென்டர் ஆள் வந்துவிட்டார். "தவாய் பந்த்", மருந்து நிறுத்தம் என்று வாசலிலேயே அறிவித்தார். ஏன் நின்றது என்று கேட்டால் மேலிருந்து உத்தரவு என்றார். டின்னைக் கொடுத்துவிட்டோம். சேர்க்காத நான்கு பேரையும் தனியாகக் கூப்பிட்டு, இதை எடுத்தீர்களா என்று கேட்டிருக்கிறார். நான்கு பேரும் எடுக்கவே இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். உங்கள் அத்தான் அப்படிச் சொன்னபோது நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன். லயத்தைக் காட்டிக்கொடுக்காமல் சொல்கிறார் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

உன் கடிதத்தில் அரைப்பக்கம் உன் ஆய்வு, உன் டாக்டர், உன் விசாரணை. நிறுத்து நிறுத்து என்கிறாய், ஏன் என்று மட்டும் சொல்ல மாட்டாய். எழுதியதையும் அடித்து அனுப்பியிருக்கிறாய். எதிர்ப்புச் சக்தி என்று நீ எழுதியது எனக்குப் புரிகிறது, நான் ஒன்றும் கைநாட்டு இல்லை. ஆனால் ராசம்மாவுக்கு ஆகிற மருந்து இவருக்கு ஏன் ஆகாது? அதற்கு உன்னிடம் பதில் இல்லை. உன் வேலை போய்விடுமே என்ற பயத்தில் எங்களை மிரட்டுகிறாய் என்றுதான் எனக்குத் தோன்றியது. அவரிடமே படித்துக் காட்டினேன். "அதுக்கு வேல போயிடும்னு பயம், வேற ஒண்ணுமில்ல" என்றார்.

ஆக உன்னிடம் மறைக்கப்போவதில்லை. டின்னைக் கொடுப்பதற்கு முன் அவருக்கு வேண்டியதை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். ராசம்மாவும் தன் குழாயைத் திருப்பிக் கொடுக்காமல் தொலைந்துவிட்டது என்று சொல்லி எனக்குத் தந்துவிட்டாள். மற்றவர்களுக்கு நீங்கள் வேறு ஏதாவது வழி செய்வீர்கள், பதிவில் பெயர் இருக்கிறது. இவருக்கு யார் இருக்கிறார்கள்?

இதையும் எழுதாமல் இருக்க முடியவில்லை. இப்போது அவர் உடம்பு சரியில்லை. சாயங்காலமானால் சூடு, விடிந்தால் போர்வை நனைந்துகிடக்கிறது. சாப்பாடு இறங்கவில்லை, வேட்டி இடுப்பில் நிற்பதில்லை. மழை பிடித்துக்கொண்டதால் வந்த இருமல் என்கிறார். ஹெல்த் சென்டருக்குக் கூப்பிட்டால் வர மாட்டேன் என்கிறார். அங்கே போனால் என்ன, கடித்தா தின்றுவிடுவார்கள்? மருந்து போதவில்லை என்று நினைத்து இப்போது இரண்டு வேளையாகக் கொடுக்கிறேன்.

உன் மேல் கோபம் இருந்தாலும் கேட்கிறேன். இது எதனால், உதயா?

அக்கா


டெய்ரி ஃபார்ம்,
போர்ட் பிளேர்.
2 ஜூன் 2024

அக்கா,

கொடுக்காதே. ஒன்றுகூடக் கொடுக்காதே. கையில் இருப்பதை எல்லாம் கடலில் போடு.

அடித்த மூன்று வரியை இப்போது எழுதுகிறேன். அத்தானுக்கு டி.பி. இருந்தது. ஏழு வருடத்துக்கு முன் ரோடு வேலை என்று இங்கே போர்ட் பிளேரில், ஷாதிபூரில் தங்கியிருந்தாரே, அப்போது வந்திருக்கிறது. மருந்தைத் தொடங்கியவர் குமட்டல் தாங்காமல் பாதியில் விட்டுவிட்டார். இருமல் நின்றதும் குணமாகிவிட்டது என்று ஊர் திரும்பிவிட்டார். உன்னிடமும் சொல்லவில்லை, இதே ஊரில் நர்ஸாக இருந்த என்னிடமும் சொல்லவில்லை. ஜனவரியில் எடுத்த எக்ஸ்ரேயில்தான் தழும்பு தெரிந்தது. சளியில் கிருமி இல்லை. உள்ளே தூங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதைத் தூங்க வைத்திருப்பது உடம்பின் காவல். அந்தக் காவலைத்தான் இந்தக் கேப்சூல் எடுத்துவிடும்.

இதை எல்லாம் அத்தானிடம் தனியாகச் சொன்னேன். புரியும்படிதான் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒங்க அக்காவுக்குத் தெரிஞ்சா ஒடஞ்சு போயிடுவா. லயத்துல தெரிஞ்சா என் டம்ளரத் தனியா வெப்பாங்க. நான் மழைக்கு முன்ன போர்ட் பிளேர் வந்து முழுசா மருந்து எடுத்துக்கிறேன், சத்தியமா." அந்தச் சத்தியத்தை நம்பினேன். அதோடு, நோயாளியின் ரகசியத்தைக் காப்பது என் வேலை என்றும் நினைத்தேன். அந்த வேலையை ஒழுங்காகச் செய்கிற திமிரில் நீ திட்டியதைக்கூட வாங்கிக்கொண்டு வந்தேன்.

போன கடிதத்தில் இதை எழுதியிருந்தால் நீ நிறுத்தியிருப்பாய். எழுதிவிட்டு அடித்தேனே, அக்கா. என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல் இருக்கிறது.

நீ எழுதிய காய்ச்சல், வியர்வை, இளைப்பு எல்லாமே அதுதான். அது விழித்துக்கொண்டுவிட்டது. ஆனால் சரியான மருந்து இருக்கிறது, இன்னும் காலம் இருக்கிறது. டாக்டர் ஸ்ரீதர் ஹெலிகாப்டருக்குப் பேசிவிட்டார், வானம் திறந்தால் வரும். அத்தான் எண்ணுக்குப் போன் போகவே இல்லை, அதனால் ஹெல்த் சென்டருக்கு வயர்லெஸ்ஸில் சேதி அனுப்பினோம். தேடிவந்த ஆளிடம் அத்தான், மருந்தே எடுக்கவில்லை, வெறும் சளி என்று சொல்லித் திருப்பி அனுப்பினாராம். நீ இழுத்துக்கொண்டு போ. அவர் என்ன சொன்னாலும் கேட்காதே. நீயும் ராசம்மாவும் சளி கொடுத்துப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், ஒரே குழாய் இரண்டு வாய்க்குப் போயிருக்கிறது.

பயணிகள் கப்பல் எப்போது என்று ஷிப்பிங் ஆபீசில் யாருக்கும் தெரியவில்லை, கடல் அப்படி இருக்கிறது. தோட்டத்துக்குச் சாமான் ஏற்றிவரும் சரக்குப் படகில் ஆளை ஏற்ற மாட்டார்களாம். படகில் வேலை செய்யும் கோவிந்தராஜ் காலில் விழாத குறையாகக் கேட்டுக் கொடுத்தனுப்புகிறேன். முதல் கப்பலில் வருவேன்.

உதயா


ரப்பர் லயம்,
கச்சால்.
27 ஜூன் 2024

உதயா,

சேதி உனக்கு வயர்லெஸ்ஸில் அன்றே வந்திருக்கும். நீ வரக் கப்பல் இல்லை. உனக்காக வைத்திருக்கவும் எங்களால் முடியவில்லை.

உன் கடிதம் அவர் உயிரோடு இருக்கும்போதே வந்தது. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். கோவிந்தராஜ் மழையில் ஜெட்டியில் இருந்து ஓடிவந்து, சட்டைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார். நான் அடுப்பங்கரையில் நின்று படித்தேன். அவருக்குக் காலையில் வைக்க வேண்டிய கேப்சூலைக் குழாயில் போட்டு வைத்திருந்தேன். படித்து முடித்த பிறகும் அந்தக் குழாயைக் கீழே வைக்க எனக்குத் தோன்றவில்லை. அழுகை வரவில்லை, கோபம் வரவில்லை. காது மட்டும் அடைத்துக்கொண்டது. ராசம்மா வாசலில் நின்று ஏதோ கேட்கிறாள், அவள் வாய் அசைவது தெரிகிறது, சத்தம் வரவில்லை.

அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"ஒங்களுக்கு டி.பி. இருந்துச்சா?"

தலையை அசைத்தார்.

"இந்த தவாய் ஒங்களுக்கு ஆகாதுன்னு உதயா சொல்லுச்சா?"

"சொல்லுச்சு."

"பெறகு ஏங்க வாங்குனீங்க? தெனமும் என் கையாலல்ல வாங்குனீங்க."

மூச்சைக் கூட்டிக்கொள்ள அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.

"எல்லாருக்கும் பங்கு குடுக்குறப்ப எனக்கு மட்டும் வேணாம்னா, ஏன்னு கேப்பாங்கல்ல."

அவ்வளவுதான். வேறு காரணம் இல்லை, உதயா. ஏன் என்று கேட்பார்களே என்று. நான் இன்றுவரை அந்தப் பதிலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், அதற்குள் வேறு ஏதாவது இருக்குமா என்று. இல்லை.

அன்றைக்கே ஹெல்த் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போனோம். மருந்து தொடங்கினார்கள். ஹெலிகாப்டர் பக்கத்துத் தீவு கமோர்ட்டாவரை வந்து, மேகம் இறங்கியதால் திரும்பிப் போயிற்று. மறுநாள் விடிந்ததும் இருமினார். வாயிலிருந்து வந்ததைப் பிடிக்க என் முந்தானை போதவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பார்வை நின்றுவிட்டது.

உனக்குத் தெரியும். உன் டாக்டருக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். கேப்சூலில் ஊசி குத்தி, அவர் வாயில் வைத்து, "இழுங்க" என்று சொன்னவளுக்கு மட்டும் தெரியாது. போதாதென்று இரண்டு வேளையாக்கினேன். ரகசியம் என்றாய், வேலை என்றாய். உங்கள் எல்லோருடைய ரகசியத்துக்கும் நடுவில் அவருக்கு விஷம் கொடுத்த கை என்னுடையது. இதை எந்த விசாரணையில் கேட்பார்கள்?

அவரையும் என்னால் மன்னிக்க முடியவில்லை. செத்துப்போன ஆளிடம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். சோறு வைக்கும்போது திட்டுகிறேன், படுக்கும்போது திட்டுகிறேன். இத்தனை வருடம் கூட வாழ்ந்த என்னிடம் ஒரு டி.பி.யைச் சொல்ல முடியாமல் போயிற்றா?

காரியத்தன்று லயம் முழுக்கக் கூடியது. எல்லோரும் மழைக் காய்ச்சல் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. எழுந்து நின்று சொல்லிவிட்டேன். அவருக்கு டி.பி. இருந்தது, மருந்தைப் பாதியில் விட்டார், இந்தக் கேப்சூல் ஆகாது என்று சொல்லியும் பங்கை மறுக்க வெட்கப்பட்டு வாங்கினார், நான்தான் வாயில் வைத்தேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். ராசம்மாவிடம், உன் குழாயைத்தான் அவர் இழுத்தார், முதலில் நீ போய்ச் சளி கொடு என்றும் சொன்னேன். எல்லோரும் நகர்ந்து உட்காருவார்கள் என்று எதிர்பார்த்தேன். சரி, நகரட்டும் என்றுதான் நின்றேன்.

ஒருவரும் நகரவில்லை. ராசம்மா என்னிடம் வந்து என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். "அந்த மனுசன் டம்ளர நானா தனியா வெப்பேன்? என்னைப் பத்தி அம்புட்டுத்தானா நெனச்சாரு?" என்று கேட்டு அழுதாள். அப்போதுதான் எனக்கும் அழுகை வந்தது. ராசம்மாவுக்கும் எனக்கும் சளியில் ஒன்றும் இல்லை, எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

சிவப்பிரகாசம் அண்ணன் மட்டும் மூலையில் எழுந்து நின்றார். ஏதோ ஆறுதல் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். யாரோ பிடித்து உட்காரவைக்கப் போனார்கள், தடுத்துவிட்டார். "எனக்கும் அதேதான்மா சொன்னாங்க" என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை. அவரும் கேம்பல் பேயில் வேலைக்கு இருந்தபோது மருந்தைப் பாதியில் விட்டவராம். பங்கிடுகிறவனே பங்கை வேண்டாம் என்றால் லயம் என்ன நினைக்கும் என்று தானும் தினமும் எடுத்திருக்கிறார். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் ஒரே சுவர், உதயா. இந்தப் பக்கம் இவர் இருமினால் அந்தப் பக்கம் அவருக்குக் கேட்கும். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பயந்துகொண்டு ஒரே டின்னில் கையை விட்டிருக்கிறார்கள்.

அவர் சொல்லி முடித்த பிறகு மீதி இருவரும் எழுந்தார்கள்.

சிவப்பிரகாசம் அண்ணனுக்கு ஒரு மாதமாகச் சாயங்காலச் சூடு இருக்கிறது. மற்ற இருவருக்கும் இன்னும் ஒன்றுமில்லை. ஹெல்த் சென்டரில் மூன்று பேருக்கும் சளி எடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள். நாளை கப்பல் புறப்படுகிறது. இந்தக் கடிதத்தை அண்ணனிடமே கொடுத்தனுப்புகிறேன்.

முதல் கப்பலில் வருவேன் என்று எழுதியிருந்தாய். வராதே. வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுவாய், நானும் அழுவேன், அதற்குள் இவர்கள் மூவரும் அங்கே யாரும் இல்லாமல் நிற்பார்கள். உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு இன்னும் மனம் வரவில்லை. வரும்போது எழுதுகிறேன்.

நீ ஜெட்டிக்குப் போ. மூன்று பேரும் ஒன்றாக இறங்குவார்கள். என்ன நோய், என்ன மருந்து, எத்தனை மாதம், விட்டால் என்ன ஆகும் என்று அங்கேயே, கேட்கிறவர்கள் கேட்கட்டும், சத்தமாகச் சொல். அவர்களிடம் கேட்டுவிட்டேன், சரி என்றார்கள். இந்தத் தடவை யாரையும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லாதே.

அக்கா